சமீபத்தில் படித்த மங்காவும் படக்கதைகளும்: கோடு, புள்ளி, பதிப்பு

#1 மைக்கூடு

மங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. ஐந்து தலைப்பு, ஐந்தும் ஜப்பான். கதைச்சுருக்கம் எங்கே தேடினாலும் கிடைக்கும் என்பதால் அதைக் குறைத்துக்கொண்டு, பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முதல் புத்தகத்தை முடிச்சு அவிழ்க்காமல் பேச முடியாது. படிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கோனோ ஃபுமியோவின் 'கொனோ செகாய் நோ கதாசுமி நி'. 'இந்த உலகத்தின் ஒரு மூலையில்' என்று சொல்லலாம். 2007 முதல் 2009 வரை 'மங்கா ஆக்‌ஷன்' இதழில் தொடராக வந்து மூன்று பாகமானது. ஹிரோஷிமாவின் எபா பகுதியில் பிறந்த சுசு, கடற்படைத் துறைமுகமான குரேவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். படம் வரைவதைத் தவிர வேறெதிலும் சாமர்த்தியம் போதாத பெண். 1945 ஜூனில் தாமதமாக வெடிக்கும் குண்டு ஒன்றில் நாத்தனார் மகள் ஹருமி இறந்துபோகிறாள். அவள் கையைப் பிடித்து நடந்துகொண்டிருந்த சுசுவின் வலது கை போய்விடுகிறது. வரைகிற கை.

அதற்குப் பிறகு வரும் பின்னணிகளைக் கோனோ தன் இடது கையால் வரைந்திருக்கிறார். ஆட்கள் பழைய கோட்டிலேயே நிற்க, வீடும் கூரையும் மலையும் மட்டும் கோணிக்கொண்டு போகும். முதல் வாசிப்பில் என்னவோ சரியில்லை என்று தோன்றும், காரணம் பிடிபடாது. சம்பவத்துக்கு முன்னால் உள்ள ஒரு வீட்டுக் காட்சியையும் பின்னால் உள்ள ஒன்றையும் அருகருகே வைத்து, உத்தரத்தின் கோட்டை மட்டும் பாருங்கள். முன்னது ஒரே இழுப்பு. பின்னது பாதியில் தயங்கி, மறுபடி தொடங்கி, முனையில் தடித்துப் போகிறது.

இன்னொன்று, நிழலுக்காக மற்றவர்கள் ஒட்டும் புள்ளி அச்சிட்ட தாளான ஸ்கிரீன்டோனை இவர் ஒட்டுவதில்லை. நிழலெல்லாம் பேனாவின் குறுக்குக்கோடு. ரின் என்ற பெண்ணின் பழைய வாழ்க்கையைச் சொல்லும் அத்தியாயம் உதட்டுச்சாயத்தால் வரையப்பட்டது. கறுப்பு அச்சில் சிவப்பு தெரியாதுதான், ஆனால் கோட்டின் பிசுக்கும் ஓரம் கலைவதும் தெரியும். 2016இல் வந்த திரைப்படத்தில் ரின்னின் பகுதி பெரும்பாலும் இல்லை, 2019இன் நீண்ட வடிவத்தில்தான் சேர்ந்தது. படம் பார்த்தாயிற்று, புத்தகம் எதற்கு என்பவர்களுக்கு இதுதான் பதில்.

போர்க்காலச் சமையலை இதில் செய்முறையாகவே வரைந்திருக்கிறார். 'நான்கோ-மேஷி' என்று ஒன்று: தீட்டாத பழுப்பரிசியை நன்றாக வறுத்து, நிறையத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே மறுநாள் பொங்குவது. அரிசி ஊதிப் பருத்துப் பானை நிறைந்தது போல இருக்கும். வாயில் வைத்தால் ஒன்றுமிருக்காது. குடும்பமே முகத்தைச் சுளிக்கும் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து மியாசாகி ஹயாவோவின் 'ஷுனா நோ தாபி', 1983. இது மங்கா இல்லை, 'எ-மொனொகதாரி', அதாவது சித்திரக்கதை. நீர்வண்ண ஓவியம், அதன் ஓரத்தில் ஓரிரு வரி, பேச்சு பலூன் அநேகமாகக் கிடையாது. நாயாக மாறிய இளவரசன் என்ற திபெத்திய நாட்டுப்புறக் கதையிலிருந்து கிளைத்தது. ஆங்கிலத்தில் 2022இல்தான் வந்தது. வறண்ட மலைநாட்டு இளவரசன் ஷுனா, முளைக்கும் தானியத்தைத் தேடிப் போகிறான். சந்தையில் கிடைப்பதெல்லாம் உமி நீக்கிய தானியம், விதைத்தால் முளைக்காது. மனிதர்களை விற்றால்தான் அந்தச் செத்த தானியமும் கிடைக்கும். இந்த ஒரு பொருளாதார ஏற்பாட்டை அவர் இரண்டே பக்கத்தில் விளங்க வைத்துவிடுகிறார், விளக்கம் என்று ஒரு வாக்கியம்கூட இல்லாமல். குறை என்றால் கடைசிப் பகுதி அவசரம். பேச்சிழந்து திரும்பும் ஷுனாவை, அவன் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்த பெண் தேயா பார்த்துக்கொள்ளும் மாதங்கள் இன்னும் பத்துப் பக்கம் கேட்கின்றன.

மிசுகி ஷிகேருவின் 'சோயின் க்யோகுசாய் செயோ', 1973. நியூ பிரிட்டன் தீவில் ஒரு படைப்பிரிவு சாகச்சொல்லி அனுப்பப்படுவது. மிசுகி அந்தத் தீவின் ரபாவுலில் இடது கையை இழந்த சிப்பாய். இதில் தொண்ணூறு சதவீதம் உண்மை என்று அவரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். ஆட்கள் கேலிச்சித்திரம் போல, காடும் கடலும் புகைப்படம் போலப் புள்ளி புள்ளியாக. பாதிப்பேர் எதிரியால் சாவதில்லை. ஒருவன் மீனை வாயில் கவ்விக்கொண்டு அடுத்ததைப் பிடிக்கப் போக, அது தொண்டையில் இறங்கிச் செத்துப்போகிறான். கடைசிப் பக்கங்களில் அந்தக் கேலிச்சித்திர உடம்புகள் காட்டின் பாணிக்கு மாறிவிடுகின்றன. அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

மோரி கவோருவின் 'ஒதோயொமெகதாரி': 19ஆம் நூற்றாண்டு மத்திய ஆசியா, 2014இல் மங்கா தாய்ஷோ விருது. பூவேலை, கம்பளம், மரச்செதுக்கு. வரைதிறனுக்கு முழு மதிப்பெண். கதை ஊர்ந்து போகிறது.

கடைசியாகக் கொய்கே கசுவோ எழுதி கொஜிமா கோசெகி வரைந்த 'கொசுரே ஓகாமி', 1970 முதல் 1976 வரை, 28 பாகம். ஆங்கிலச் சிறு அளவுப் பதிப்பில் முதல் நான்கு பாகம். தூரிகைக் கோடு எல்லாம் அடைத்துக்கொண்டு கரிக்கட்டையாக இருக்கிறது. இது அச்சுக் கோளாறா, மூலமே அப்படியா?

#2 வலமிருந்துஇடம்

மூலம் அப்படியில்லை, நண்பரே. அந்த 28 பாகப் பதிப்பின் அளவு நாலுக்கு ஆறு அங்குலம். தொடர் வந்த இதழ் பி5, 182 x 257 மி.மீ. அதாவது இதழில் பார்த்ததில் ஏறக்குறைய 60 சதவீதத்துக்குச் சுருக்கியிருக்கிறார்கள். கொஜிமா உலர்ந்த தூரிகையை இழுக்கும்போது மயிர் பிரிந்து நடுவே வெள்ளைக் கீற்றுகள் விழும். சுருக்கியதில் அந்தக் கீற்றுகள்தான் முதலில் மூடிக்கொள்ளும். பின்னால் இரண்டு மூன்று பாகங்களைச் சேர்த்து வந்த 12 தொகுதிப் பதிப்பு கொஞ்சம் பெரிய அளவு. வாங்கினால் அதை வாங்குங்கள்.

ஆனால் அடைப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, யாரும் கவனிப்பதில்லை. இரண்டு ஆங்கிலப் பதிப்புமே படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டவை, இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாக. சாமுராய் வாளை இடது இடுப்பில் செருகி வலது கையால் உருவுவான். திருப்பினால் ஊரே இடதுகைப் பழக்கமாகிவிடுகிறது. அதுகூடப் போகட்டும். கிமோனோவில் அணிபவரின் இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருவது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய பதிப்பில் கதாநாயகன் ஓகாமி இத்தோவும், வழியில் பார்க்கும் டீக்கடைக்காரியும், எதிரிகளும், எல்லோரும் செத்தவர்கள் போல உடுத்திக்கொண்டு நடமாடுகிறார்கள். சாவைத் தேடிப் போகிற தகப்பன் கதை என்பதால் பொருத்தம்தானே என்று ஒரு நண்பர் கிண்டலடித்தார். இல்லை. கொஜிமா வேண்டுமென்றே ஒரு பிணத்துக்கு வலது மடிப்பை மேலே வரைந்தால், திருப்பிய பதிப்பில் அது ஒன்றுதான் உயிரோடு இருக்கும்!

திருப்பிய பதிப்பா என்று அட்டையைத் திறந்ததும் கண்டுபிடிக்க: நாலைந்து பாத்திரத்தின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். நம் கண்ணுக்கு அது சிறிய ஆங்கில 'ஒய்' எழுத்து போலத் தெரிந்தால் சரியான பக்கம்.

#3 அரைப்புள்ளி

மேலே சொன்ன சுருக்கக் கணக்கை இன்னும் ஒரு படி பின்னால் கொண்டுபோக வேண்டும். தொழில்முறையில் மங்கா வரையும் தாள் பி4 அளவு. அதில் வெட்டு அளவு (அச்சில் தாளை வெட்டும் எல்லை) 220 x 310 மி.மீ., உள்கட்டம் 180 x 270 மி.மீ. இதழில் வரும் அளவைப்போல 1.2 மடங்கில்தான் வரைகிறார்கள். சிறுவர் இதழ்களின் தனிநூல் அளவு ஏறக்குறைய 113 x 174. ஆக 310 மி.மீ. உயரம் 174க்கு இறங்குகிறது, 56 சதவீதம்.

கோட்டுக்கு இதனால் நன்மை, நடுக்கம் மறையும். ஸ்கிரீன்டோனுக்குத்தான் ஆபத்து. அதிகம் ஒட்டப்படுவது அங்குலத்துக்கு 60 வரிசைப் புள்ளி கொண்ட தாள். 56 சதவீதத்துக்குச் சுருங்கினால் அதே புள்ளி அங்குலத்துக்கு 107 வரிசையாகிவிடும். மட்டமான சொரசொரப்புத் தாளில் மை பரவுவதால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொழுக்கும். 10 சதவீதக் கறுப்புள்ள டோன் தப்பித்துவிடும். 30, 40 சதவீதம் ஒட்டிய இடம் சேறு. புத்தகம் வாங்கும்போது இரவுக் காட்சி ஒன்றைத் திறந்து, கறுப்புத் தலைமுடிக்கும் கருஞ்சாம்பல் வானத்துக்கும் நடுவே எல்லை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்த அச்சே வேண்டாம்.

இரண்டு டோனை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் வரும் அலைக்கோலம் வேறு சங்கதி. இரண்டும் ஒரே வரிசை எண்ணாக இருந்து, கோணமும் ஒத்துப்போனால் அலை வராது, நிழல் மட்டும் கூடும். எண் மாறினாலோ கோணம் சில பாகை பிசகினாலோ கட்டம் கட்டமாகத் தெரியும். கத்தியால் சுரண்டி மேகம் எடுக்கும்போதும் இதே கவனம்தான். புள்ளி வரிசை 45 பாகையில் ஓடும், அதே திசையில் சுரண்டினால் ஒரு வரிசை முழுசாகப் பெயர்ந்து கோடு விழும். அந்தக் கோணத்திலிருந்து விலகி, கத்தியைப் படுக்கவைத்து, கீறாமல் தேய்க்க வேண்டும்.

கோனோவின் புத்தகம் எந்த அளவில் அச்சானாலும் தெளிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். புள்ளியே இல்லை, அடைக்க என்ன இருக்கிறது?

#4 கடைசிப்பெஞ்ச்

புத்தகமெல்லாம் விலை. போனில் படித்தால் டோன் பளபளவென்று மினுங்குகிறது, பக்கத்தை நகர்த்தினால் கோலம் மாறுகிறது. ஈ-ரீடர் வாங்கினால் சரியாகுமா சார்? ஏழு அங்குலம் போதுமா?

#5 அரைப்புள்ளி

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 113 x 174 பக்கத்தின் மூலைவிட்டம் 8.2 அங்குலம். ஏழு அங்குலத் திரையின் உயரம் சுமார் 142 மி.மீ., அதாவது பக்கம் இன்னும் 82 சதவீதத்துக்குச் சுருங்குகிறது. 107 வரிசை 131 ஆகும். திரை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஒரு புள்ளிக்கு 2.3 பிக்சல்தான் கிடைக்கிறது. ஒரு புள்ளிக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்து இரண்டேகால் பிக்சல், அதிலும் முழு எண் இல்லை. சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் மூன்று என்று விழும்போது கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது. போனில் பக்கத்தின் அகலம் 70 மி.மீ., பிக்சல் 400 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். அதே 2.3தான் வரும். ஆக ஏழு அங்குலத்துக்கு மாறினால் எழுத்து பெரிதாகும், மினுங்கல் போகாது.

10.3 அங்குலத்தில் பக்கம் மூலத்தைவிட 1.2 மடங்கு பெரிதாகும், டோன் 89 வரிசைக்கு இறங்கும். ஆனால் 227 பிக்சல் மாதிரியில் புள்ளிக்கு 2.5 மட்டுமே, 300 பிக்சல் மாதிரியில் 3.4. அதனால் அங்குலத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

செலவில்லாத வழி: போனைப் படுக்கையாகத் திருப்பி, பக்கத்தின் அகலம் முழுத்திரைக்கு வரும்படி வைத்து, மேலிருந்து கீழே நகர்த்திப் படிக்கலாம். புள்ளிக்கு நாலைந்து பிக்சல் கிடைத்துவிடும். நஷ்டம், முழுப்பக்க அமைப்பு ஒரே பார்வையில் கிடைக்காது. முதலில் முழுப்பக்கத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுப் பிறகு பெரிதாக்குங்கள்.

விலை பற்றி: ஷுயேஷா பதிப்பகத்தின் மங்கா ப்ளஸ் செயலி 2019 ஜனவரியிலிருந்து முதல் மூன்று, கடைசி மூன்று அத்தியாயங்களைக் காசில்லாமல் தருகிறது. முதல் மூன்றைப் படித்துவிட்டுப் புத்தகத்துக்குப் போவது உசிதம்.

#6 சாளரம்

மைக்கூடு, 'ஒதோயொமெகதாரி' ஊர்ந்து போகிறது என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே. இரண்டாம் அத்தியாயத்தையொட்டி ரொஸ்தெம் என்ற பொடியன் கிழவர் ஒருவர் மரம் செதுக்குவதை உட்கார்ந்து பார்ப்பான். அங்கே கதை என்று எதுவும் நடக்காதுதான். ஆனால் கட்டங்களின் அளவைப் பாருங்கள். உளி இறங்கும் கட்டம் சின்னது, சின்னது, சின்னது, பிறகு முழுக்கதவும் பக்கத்தின் அகலத்துக்கு விரிகிறது. செதுக்க எடுத்த நேரத்தை நம் கண்ணும் செலவழிக்கிறது. பூவேலையை வேகமாகப் புரட்டினால் அது அலங்காரம். ஒரு தையலிலிருந்து அடுத்த தையலுக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் அது சம்பவம்.

#7 மைக்கூடு

மரச்செதுக்கு அத்தியாயத்துக்கு முழுச் சம்மதம். குறை அங்கே இல்லை. குதிரைச் சண்டைக் காட்சியிலும் ஒவ்வொரு சேணத்தின் பூவேலையும் அதே அழுத்தத்தோடு வரையப்பட்டிருக்கிறது. எல்லாம் ஒரே கறுப்பு என்றால் கண் எங்கே போய் நிற்பது? மிசுகியும் காட்டை இலை இலையாகத்தான் வரைகிறார், ஆனால் நடுவில் உருண்டைக் கண்ணோடு ஒரு மொட்டைச் சிப்பாயை வைத்துவிடுவதால் கண் நேராக அவனிடம் போய்விடுகிறது.

#8 ஒலிக்குறிப்பு

பேச்சு படத்திலேயே நிற்கிறது, சத்தத்துக்கு வரட்டுமா? ஆங்கிலப் பதிப்புகளில் ஜப்பானிய ஒலிச்சொற்களை ஓரத்தில் சின்ன எழுத்தில் விளக்குவார்கள், அல்லது அழித்துவிட்டு 'பூம்', 'கிராஷ்' என்று போடுவார்கள். ஆங்கிலத்தில் கைவசம் இருப்பது அவ்வளவுதான். தமிழில் நமக்கு அந்தப் பஞ்சமே இல்லை. ஜப்பானியத்தில் இரட்டித்து வரும் சொல் தமிழில் இரட்டைக்கிளவியாக அப்படியே உட்காரும்.

'தொகி தொகி', இதயம்: திக்திக், படபட. பயமா, காதலா, ஓட்டமா என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். ஜப்பானியத்தில் மூன்றுக்கும் ஒரே சொல் போதும், நமக்குப் போதாது. 'ஜிரோ ஜிரோ', வைத்த கண் வாங்காமல் பார்ப்பது: குறுகுறு. 'கிரா கிரா': நட்சத்திரத்துக்கு மினுமினு, புதுப்பாத்திரத்துக்குப் பளபள. 'கோரோ கோரோ' இடி என்றால் கடகட, பந்து உருண்டால் குடுகுடு. மழை 'ஸா' என்று நீண்டால் 'சோ'.

பலர் செய்யும் தவறு, இரட்டையைப் பாதியாக வெட்டுவது. இடம் போதவில்லை என்று 'சலசல'வை 'சல' ஆக்கினால் பொருளே போய்விடும். 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்று தொல்காப்பியம் அன்றே சொல்லிவிட்டது. இடமில்லையா, எழுத்தைச் சிறிதாக்குங்கள். அல்லது முதல் பாதியைப் பெரிதாகவும் இரண்டாம் பாதியை அதன் கீழே சாய்த்தும் வரையுங்கள்.

திண்டாட வைப்பது ஒன்றே ஒன்று. 'ஷீன்'. சத்தமே இல்லை என்பதற்கு ஒரு சத்தம். வெற்று அறை, யாருமில்லாத தெரு, ஒருவன் அசட்டு நகைச்சுவை சொன்ன பிறகு விழும் அமைதி, எல்லாவற்றுக்கும் அதே 'ஷீன்'. தமிழில் என்ன போடுவது?

#9 கட்டம்கட்டி

அதற்கு வருவதற்கு முன், தமிழ் எழுத்தைப் பலூனுக்குள் வைக்க முயல்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

ஜப்பானிய உரை மேலிருந்து கீழே ஓடும். அதனால் பலூன் ஒல்லியாக, நெட்டையாக இருக்கும். தமிழ்ச் சொல்லோ அகலம். 'யோசித்துக்கொண்டிருக்கிறாய்' என்று எழுதினால் 13 எழுத்து, எந்தப் பலூனும் தாங்காது. 'யோசிச்சிட்டிருக்கே' ஒன்பது. 'யோசிக்கிறே' ஐந்து. மங்காவுக்குப் பேச்சுத்தமிழ் வேண்டும் என்பதற்கு இலக்கியக் காரணம் தேட வேண்டாம், அகலக் காரணமே போதும். எழுத்துத்தமிழை ராஜா, துறவி, வானொலி அறிவிப்பு ஆகியோருக்கு ஒதுக்குங்கள். அவர்களுக்குப் பலூனும் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.

சொல்லை உடைத்தே ஆக வேண்டும் என்றால் உருபின் எல்லையில் உடையுங்கள்: 'வீட்டுக்குள்/ளேயே' வேண்டாம், 'வீட்டுக்/குள்ளேயே' பரவாயில்லை. வல்லின மெய்யில் வரி முடிந்தால் அடுத்த வரி அதே வல்லினத்தில் தொடங்குவதால் கண் தானாக ஒட்டிக்கொள்ளும். புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்காதீர்கள். அச்சுக்கோர்த்த காலத்திலேயே இருந்த விதி இது.

அப்புறம் மென்பொருள். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இன்டிசைனிலும் எழுத்து இயந்திரத்தைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றாமல் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் கொம்பு தன் எழுத்துக்கு அடுத்த இடத்தில் போய் நிற்கும். 'கொக்கு' என்று அடித்தது ககரம் தனி, கொம்பு தனி, கால் தனி என்று சிதறும். மாற்றிய பிறகு ஏற்கனவே ஒட்டிய பெட்டிகள் சரியாகாது, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து மறுபடி அமைக்க வேண்டும். புதுக்கோப்பு திறந்தவுடன் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவது நல்லது.

உறவுச்சொல்லில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். கோனோவின் கதையில் சுசுவுக்குக் கெய்கோ (ஹருமியின் அம்மா) புருஷனின் அக்கா. ஜப்பானியத்தில் 'நேசான்'. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட வைத்துவிடுவார்கள், இல்லையென்றால் ஒட்டாத ஒரு சொல். தமிழில் 'அண்ணி' என்றோ 'மதினி' என்றோ எழுதினால் அந்த வீட்டில் யாருக்கு எங்கே இடம் என்பது ஒரே சொல்லில் வந்துவிடும். பத்துப் பக்கத்துக்கு முன்பு கடுகடுத்த கெய்கோ, பின்னால் சுசுவுக்குச் சட்டை மாட்டிவிடும்போது 'மதினி' என்ற அதே சொல் வேறு எடையோடு ஒலிக்கும்.

#10 கடைசிப்பெஞ்ச்

வலமிருந்து இடம் படித்துப் பழக எதில் தொடங்கலாம்? 'வாகபாண்ட்' நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

#11 வலமிருந்துஇடம்

'வாகபாண்ட்' 37 பாகம், 2015இலிருந்து நின்றுபோயிருக்கிறது. முடிவில்லாததைப் பழகுபவர் கையில் கொடுப்பது பாவம். தனிகுச்சி ஜிரோவின் 'அருகு ஹிதோ' எடுங்கள். ஒருவர் ஊருக்குள் நடக்கிறார், மரமேறுகிறார், மழையில் நனைகிறார். வசனம் மிகக் குறைவு, அதனால் கண் பேச்சைத் துரத்தாமல் கட்டத்தின் போக்கை மட்டும் கற்றுக்கொள்ளும். விதி எளிது: பக்கத்தின் மேல் வலது மூலை, அங்கிருந்து இடது, பிறகு அடுத்த வரிசையின் வலது. ஒரே கட்டத்துக்குள் பலூன்களும் அப்படித்தான். தடுமாறும் இடம் ஒன்றுதான், வலப்பக்கம் நெட்டையாக ஒரு கட்டமும் இடப்பக்கம் இரண்டு கட்டம் ஒன்றின்கீழ் ஒன்றாகவும் இருக்கும்போது. நெட்டையை முடித்துவிட்டு இடப்பக்கம் மேல், கீழ். கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியைப் பாருங்கள், செங்குத்து இடைவெளி ஒடுங்கியும் கிடை இடைவெளி அகலமாகவும் இருக்கும். ஒடுங்கிய பக்கம் தாண்டச் சொல்கிறது, அகலமான பக்கம் நிற்கச் சொல்கிறது.

இடப்பக்கத்தின் கீழ் இடது மூலையில் உள்ள கட்டத்தைக் கவனியுங்கள். அடுத்து தாளைத் திருப்ப வேண்டும் என்பதால் கதவு திறப்பது, யாரோ கூப்பிடுவது, ஒருவர் திடுக்கிட்டுத் திரும்புவது எல்லாம் அங்கேதான் வரும். பதில் திருப்பிய பக்கத்தில். செல்போனில் கீழ்நோக்கி உருட்டும் வடிவத்துக்கு மாற்றிய பழைய மங்கா சப்பென்று இருப்பதற்குக் காரணம், திருப்புவதற்குத் தாளே இல்லை.

படமே கதை என்பது பிடித்துப்போனால் ஷான் டானின் 'தி அரைவல்', 2006. ஜப்பான் இல்லை, ஆஸ்திரேலியா. ஒரு சொல்லும் கிடையாது. இடமிருந்து வலம்தான்.

#12 மைக்கூடு

'ஷீன்' பற்றி: பின்னணியை வெள்ளையாக விட்டுவிடலாமே? கோனோ பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்.

#13 ஒலிக்குறிப்பு

கோனோ வரையும்போதே விடுவதால் சரி. 'ஷீன்' என்று ஏற்கனவே பெரிதாக எழுதிய கட்டத்தில் அழித்தால் கட்டம் பொக்கையாகிவிடும். அந்த எழுத்தையும் சேர்த்துத்தான் அவர் எடை பார்த்து வரைந்திருக்கிறார்.

#14 கட்டம்கட்டி

ஒரே சொல்லைத் தேடுவதால்தான் சிக்கல். இடம் காலியாக இருந்தால் 'வெறிச்'. வீடு வெறிச்சென்று கிடக்கிறது என்றுதானே சொல்கிறோம். ஆட்கள் இருந்தும் வாயடைத்துப் போயிருந்தால் 'கப்சிப்'. அசட்டு நகைச்சுவைக்குப் பிறகு வருவது இரண்டாவது ரகம். சிக்கலான மூன்றாவது ரகம், குண்டு விழுந்து முடிந்த பிறகு வரும் அமைதி. அதற்கு 'வெறிச்' கனம் போதாது, 'கப்சிப்' வேடிக்கையாகிவிடும். அங்கே மட்டும் ஜப்பானிய எழுத்தை அப்படியே விட்டு, ஓரத்தில் எதுவும் எழுதாமல் இருப்பேன். வாசகருக்கு அது எழுத்தாகத் தெரியாது, படத்தில் ஒரு கீறலாகத் தெரியும்.